நிறைஞ்சிருக்கு

அண்ணி, செய்தியில் நீங்கள் கேட்டது என் குரல்தான். ஆனால் பேசியது நான் இல்லை.

அம்மா அதைத் தெருவில் எல்லோருக்கும் போட்டுக் காட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பரிதியோட கொரலு கடலோரம் முழுக்க சோறு போடுது என்று பால்காரரிடம்கூடச் சொன்னார்களாம். இப்போதைக்கு அவர்களிடம் எதுவும் சொல்ல வேண்டாம். வேலைக்கு நடந்துகொண்டே ஃபோனிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது. முழுவதும் படித்துவிட்டு, அம்மாவிடம் எதைச் சொல்லலாம், எதை விட்டுவிடலாம் என்று நீங்களே பாருங்கள். அண்ணனைவிட உங்களுக்குத்தான் இது புரியும்.

போன வருடம் எங்கள் ஆபீஸ் கேன்டீனுக்கு மீனலோசனி என்று ஒருத்தர் வந்தார். கடல் ஏறி உள்ளே வந்த பிறகு நம் பக்கத்தில் மேடான இடங்களெல்லாம் திட்டுகளாகிவிட்டன அல்லவா, அந்தத் திட்டுகளில் மாட்டிக்கொண்டவர்களுக்காகத் 'துணைக்குரல்' என்று ஒரு தொண்டு அமைப்பு நடத்துகிறார். தமிழ் தெரிந்த இளம் பொறியாளர்கள் வேண்டும் என்றார். பணம் கேட்கவில்லை. சனி, ஞாயிறு மட்டும் மூளையைக் கொடுங்கள், கூடவே குரலையும் கொடுங்கள் என்றார். வந்தவர்களில் பாதிப் பேர் அவர் பேச்சைக் கேட்டுச் சேர்ந்தார்கள். மீதிப் பேர் என்னைப் போல. இந்த நாட்டில் பொதுத்தொண்டு செய்த சான்று இருந்தால் நிரந்தர அனுமதி சீக்கிரம் கிடைக்கும் என்று பேச்சு.

முதலில் எல்லாத் திட்டுகளுக்கும் ஒரே அளவு அரிசி போய்க்கொண்டிருந்தது. கையிருப்பு குறைந்ததும், யாருக்கு முதலில் தேவை என்று கேட்டு அனுப்ப வேண்டியதாயிற்று. அத்தனை ஆயிரம் குடும்பங்களிடம் தினம் யார் கேட்பது? இயந்திரம் கேட்கும். ஆனால் இயந்திரக் குரலில் கேட்டால் மக்கள் ஃபோனை வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் எங்கள் குரல். என்னை உட்காரவைத்து நாள் முழுக்க எதையெதையோ வாசிக்கச் சொன்னார்கள். அதிலிருந்து இயந்திரம் என்னைப் போலவே பேசக் கற்றுக்கொண்டது. நம் பக்கத்து இழுவையோடு பேசியவன் நான் ஒருவன்தான் என்பதால் அந்தக் கடலோரம் முழுக்க எனக்கு விழுந்தது. தினமும் அது கூப்பிட்டு, அரிசி இருக்கா, எண்ணெய் இருக்கா, காய்ச்சல் யாருக்காவது உண்டா என்று கேட்கும். பதிலை வைத்து வரிசை போட்டு, ட்ரோனில் மூட்டையை அனுப்பும். படிவம் கிடையாது, ரேஷன் கார்டு கிடையாது, சிபாரிசு கிடையாது. அழைப்பை முடிக்கும்போது ஒரு வாக்கியம் சொல்லும்: "உங்க சொல்ல நம்புறோம்." மீனலோசனிக்கு அந்த வாக்கியத்தில் பெருமை அதிகம். எனக்கும்தான்.

குரல் கொடுத்தவர்கள் தங்கள் குரல் பேசிய பதிவுகளைக் கேட்கலாம். உச்சரிப்பு சரியா என்று பார்க்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்வேன். உண்மையில் ஊர்ப் பேச்சைக் காதில் வாங்கத்தான் கேட்டேன். இங்கே சில நாட்களில் நான் வாய் திறந்து தமிழ் பேசுவதே இல்லை, அண்ணி.

அப்படித்தான் தமயந்தி அக்காவைத் தெரியும். கோரைத்திட்டு என்ற இடத்தில் இருந்தார். சுற்றிலும் தண்ணீர், நடுவில் பத்துப் பதினைந்து குடும்பம். வீட்டுக்காரர் கலியபெருமாள், ஊர் இருந்த காலத்தில் மினி லாரி ஓட்டியவர். மிருதுளா என்று ஒரு சின்னப் பெண். தமயந்தி அக்கா நன்றாகப் பேசுவார். ஒருநாள் என் குரலிடம், தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சா என்று கேட்டார். அதைப் பற்றி எனக்குத் தகவல் இல்லை அக்கா என்று அது சொன்னது. அவர் சிரித்துவிட்டார்.

"நல்லாச் சொன்னீங்க போங்க. எங்க வீட்டுக்காரவுங்களும் நான் எதக் கேட்டாலும் இதத்தான் சொல்றாங்க."

பின்னால் கலியபெருமாள் ஏதோ முணுமுணுப்பதும் பதிவில் இருந்தது. அதை நான் பலமுறை போட்டுக் கேட்டிருக்கிறேன்.

மழைக்காலம் தொடங்கியதும் அந்தப் பதிவுகளில் அவர் பேச்சு குறைந்தது. அரிசி இருக்கா அக்கா என்றால், நிறைஞ்சிருக்கு தம்பி என்பார். எண்ணெய்? நிறைஞ்சிருக்கு. இயந்திரம் நன்றி சொல்லி வைத்துவிடும். ஒருநாள் அவர் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தூரத்தில் குழந்தை அம்மா பசிக்குதும்மா என்று இழுத்து இழுத்து அழுவது கேட்டது. இயந்திரத்துக்கு அது கேட்காது. ஃபோனுக்குப் பக்கத்தில் இருப்பவர் குரலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைச் சத்தம் என்று நீக்கிவிடும்.

நான் முந்தைய நாட்களின் பதிவுகளைப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அழைப்பின் ஆரம்பத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். அது என்ன என்று முதலில் பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. எண்ணெய் இல்லாததால் சோலார் விளக்கைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து சுவிட்சைப் போடுகிறார். ஃபோன்களும் அதே சோலாரில்தான் சார்ஜ் ஆகின்றன. நாள் முழுக்க வெயில் வாங்கிச் சாயங்காலம்தான் நிறைந்திருக்கும் என்பதால், அழைப்புகளைப் பொழுது சாயும் நேரத்தில் வைத்திருந்தார்கள். அவரவர் வீட்டில் விளக்கு வைக்கும் நேரம்.

அண்ணி, நம் வீட்டில் உப்பு தீர்ந்துபோனால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? பரிதி, உப்பு நிறைஞ்சிருக்கு, ஓடிப்போயி ஒரு பாக்கெட் வாங்கிட்டு வா என்பீர்கள். விளக்கு வைத்த பிறகு உங்கள் வாயால் 'இல்லை' என்று நான் கேட்டதே கிடையாது. நானும் ஒரு வார்த்தை பேசாமல் கடைக்கு ஓடுவேன்.

கோரைத்திட்டில் அத்தனை பெண்களும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரும் கடைக்கு ஓடவில்லை.

வரிசை போடும் பகுதியைக் கட்டியவன் ஜோயல். நாகர்கோவில் பையன், என் ரூமுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். அவனிடம் போய்ச் சொன்னேன். அவன் திரையைத் திறந்து காட்டினான். சுற்றியுள்ள திட்டுகள் எல்லாம் சிவப்பாக இருந்தன, கோரைத்திட்டு மட்டும் பச்சை. அங்கே போக வேண்டிய மூட்டைகள் சில வாரங்களாக வேறு இடத்துக்குப் போயிருந்தன.

"நீ சொல்லுகது எனக்கு மனசிலாவுது மக்கா. எங்க அம்மையும் அப்பிடித்தான் சொல்லுவா. ஆனா மெஷினுக்கு அம்மையும் கெடையாது, அண்ணியும் கெடையாது."

உடனே திருத்து என்றேன். கையால் யாரையும் வரிசையில் மேலே ஏற்ற முடியாது என்றான். அப்படித்தான் கட்டியிருக்கிறோம், உள்ளூரில் செல்வாக்கு உள்ளவர்கள் ஃபோன் போட்டுத் தங்கள் ஆட்களுக்கு வாங்கிவிடக் கூடாதென்று. அந்தப் பூட்டைப் போடச் சொல்லி அன்றைக்கு நாங்கள் எல்லோரும்தான் கை தூக்கினோம். இயந்திரத்துக்கு அந்தச் சொல்லைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டும், அதற்கு நாலைந்து பேர் சேர்ந்து உட்கார வேண்டும். அன்றைக்குத் திங்கட்கிழமை. எல்லோருக்கும் வேலை. மீனலோசனியிடம் பேசினேன். பதறிப்போனார், உண்மையாகவே பதறினார். குழுவில் எல்லோருக்கும் எழுதினார். சனிக்கிழமை கட்டாயம் வந்துவிடுகிறோம் என்று எல்லோரும் பதில் போட்டார்கள், கூடவே அழுகிற முகப் படங்கள். நானும் விடுப்புக் கேட்கவில்லை, அண்ணி. புது மேனேஜர், அனுமதி புதுப்பிக்கும் மாதம். தாலுகா ஆபீசுக்குக் கூப்பிட்டால், அந்தத் திட்டை உங்க அமைப்புதான எடுத்துக்கிட்டீங்க என்று வைத்துவிட்டார்கள்.

குரல் கொடுத்தவர்கள் குடும்பங்களோடு நேரடியாகப் பேசக் கூடாது என்பது விதி. பேசினால் அமைப்பிலிருந்து நீக்குவார்கள், சான்றும் போய்விடும். மறுநாள் காலையில் டிராமுக்கு நடக்கும்போது, அமைப்பின் செயலி வழியாகவே அவரைக் கூப்பிட்டேன். அங்கே முற்பகல். வேறு வழியில் எண் தெரியாது.

எடுத்தார். என்ன தம்பி, இந்நேரத்துல என்றார். அரிசி இருக்கா அக்கா என்று கேட்டேன்.

"இல்ல தம்பி. தீந்து போச்சு. அவுங்க நண்டு பிடிச்சிட்டு வர்றாங்க, கீரை கெடக்கு. நாங்க ஓட்டிருவோம். புள்ளைக்குத்தான் ஒத்துக்கல, வயித்தால போவுது."

சாயங்காலம் கேட்கும்போதும் இதையே சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். விளக்கு வச்ச வாயால அந்தச் சொல்லு வராது தம்பி என்றார். ஏதாவது ஒரு மாதிரிச் சொல்லுங்கள் என்றேன். யோசித்துவிட்டு, சரி, வாங்கணும்னு சொல்றேன், அது தப்பில்ல என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. நீங்களும் அப்படித்தானே சொல்வீர்கள்.

அன்று சாயங்காலம் அவர் சொன்னார்: "அரிசி வாங்கணும் தம்பி."

அதை இயந்திரம் எப்படி எடுத்துக்கொண்டது என்று ஜோயல்தான் பார்த்துச் சொன்னான். வாங்கப்போகிறவருக்குக் கையில் காசு இருக்கிறது, பக்கத்தில் கடை இருக்கிறது. வரிசையில் இன்னும் கீழே போட்டுவிட்டது. அதோடு நிற்கவில்லை. என் குரலும் அதன் குரலும் ஒன்று என்பதால், காலையில் நான் பேசியதையும் தன் அழைப்பாகவே கணக்கில் சேர்த்துக்கொண்டது. நேற்று நிறைந்திருக்கிறது என்றவர் இன்று காலையில் இல்லை என்கிறார், மாலையில் கடைக்குப் போகிறேன் என்கிறார். மாற்றி மாற்றிப் பேசுகிறவர் என்று முடிவுகட்டி, இனி அவர் சொல்வதைப் பாதிதான் நம்ப வேண்டும் என்று வைத்துவிட்டது.

"நீ இனி கூப்பிடாத. கூப்பிடக் கூப்பிட அவ பொய்க்காரி ஆயிருவா" என்றான் ஜோயல். இரண்டு ராத்திரி அவன் தனியாக உட்கார்ந்து பார்த்தான். அவன் பகுதி மட்டும் போதவில்லை.

வியாழக்கிழமை காலையில் இன்னொரு முறை கூப்பிட்டேன். சனிக்கிழமை சரியாகிவிடும், அதுவரை எப்படியாவது பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்திருக்கிறார். குழந்தையின் அழுகை இல்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. கேட்டேன். அழறதுக்குத் தெம்பு இல்ல தம்பி என்றார்.

கலியபெருமாள் ஃபோனை வாங்கினார். அவரிடம் நான் பேசியது அதுதான் முதல் முறை.

"சனிக்கெழமைக்கு முன்னாடி எதுவும் வராதுங்களா தம்பி? சும்மா சொல்லாதீங்க, உள்ளத உள்ளபடி சொல்லுங்க."

வராது அண்ணே என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை, அண்ணி. அந்த இயந்திரம் அவர்களிடம் எத்தனை முறை நம்புறோம் நம்புறோம் என்று சொல்லியிருக்கும். நானாவது உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

அப்ப நான் கரைக்குப் போயி ஒரு மூட்டை தூக்கிட்டு வந்துர்றேன் என்றார். பழைய தார் ரோடு தண்ணீருக்கு அடியில் இருக்கிறதாம், கழுத்தளவுதான் வருமாம். வேண்டாம் அண்ணே என்று சொல்லிக்கொண்டே ஓடினேன், என் டிராம் போய்விட்டது. அவர் சிரித்தார்.

"நான் வண்டி ஓட்டுன ரோடு தம்பி. எந்த எடத்துல பள்ளம், எந்த எடத்துல வளைவுன்னு காலுக்கே தெரியும்."

தமயந்தி அக்கா பின்னாலிருந்து ஏதோ சொன்னார். நீ சும்மா இரு, புள்ளையப் பாரு என்றார் அவர். அப்புறம் ஃபோன் சார்ஜ் தீர்ந்து நின்றுவிட்டது.

ரோடு நடுவில் அறுந்து போயிருந்திருக்கிறது. அவர் வண்டி ஓட்டிய காலத்துக்குப் பிறகு கடல் அறுத்தது. வெள்ளிக்கிழமை மதியம் திட்டுக்காரர்களே அவர் உடலைத் தேடி எடுத்தார்கள்.

வெள்ளி சாயங்காலப் பதிவை நான் சனிக்கிழமைதான் கேட்டேன். விளக்குச் சுவிட்சின் அந்த 'டக்' சத்தம் இல்லை. என் குரல் தெளிவாக, அன்பாக, அவசரமே இல்லாமல் கேட்கிறது.

"வணக்கம் அக்கா, நல்லாருக்கீங்களா? அரிசி இருக்கா?"

"இல்ல."

"எண்ணெய் இருக்கா அக்கா?"

"இல்ல."

"பருப்பு ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல. எதுவுமே இல்ல."

தயக்கமில்லாமல், மூன்று முறை ஒரே பதில். இயந்திரம் அவரை அந்த நொடியே வரிசையின் உச்சியில் வைத்தது. மூன்று பேருக்கு அனுப்புகிறோம் அக்கா என்றது. உங்க சொல்ல நம்புறோம் என்றது. என் குரலில், அண்ணி. ட்ரோன் வந்து இறங்கும்போது கலியபெருமாளைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் திரும்பியிருக்கவில்லை.

சனிக்கிழமை எல்லோரும் வந்தார்கள். ஒருத்தர்கூட வராமல் இல்லை. யாரோ பஜ்ஜி போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள், யாரும் தொடவில்லை. நிறைஞ்சிருக்கு, வாங்கணும், இந்த இரண்டையும் இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தோம், அழைப்பை முற்பகலுக்கு மாற்றினோம். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டது. ஜோயல் திரையை மூடிவிட்டு, இவ்வளவுதானா என்று கேட்டான். பிறகு வெளியே போய் நின்றவன் உள்ளே வரவேயில்லை. கோரைத்திட்டு முழுக்க இப்போது அரிசி போகிறது. குழந்தை தேறிவிட்டாள்.

நான் விதியை மீறியதை மீனலோசனியிடம் சொன்னேன். அவர் நீக்கவில்லை. சான்றும் தருவதாகச் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் நம் ஊர்க் கல்லூரிகளில் புதிதாகப் பொறியாளர்களைச் சேர்க்கப் போகிறார். கேட்ட உடனே உதவி போனதற்கு உதாரணமாக அந்த வெள்ளிக்கிழமைப் பதிவைத்தான் யாரோ எடுத்துச் செய்திக்குக் கொடுத்திருக்கிறார்கள், ஒரு சின்னத் துண்டு. அதைத்தான் அம்மா தெருவில் போட்டுக் காட்டுகிறார்கள். அதில் 'இல்ல' என்று சொல்லும் குரலை நீங்கள் கேட்டீர்கள் அல்லவா, அதுதான் தமயந்தி அக்கா.

என் குரலைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் வேறு யாருடைய குரலையாவது வைத்துவிடுவார்கள். போடுவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று நினைத்தேன். நேற்றுக் காலையில் கூப்பிட்டேன். அக்கா என்று மட்டும்தான் சொன்னேன்.

"நீதானா? மெஷினு இல்லியே?" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"உனக்கு மூச்சு வாங்குதே. அதுக்கு மூச்சே கெடையாது. மொத நாளே தெரியும் தம்பி எனக்கு."

மெஷினென்று தெரிந்துமா விளக்கு வைத்த நேரத்தில் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கேக்குறது மெஷினா இருந்தா என்ன. வெளக்கு வெளக்குதான. சொல்றது நான்தான."

நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் அழவில்லை. மன்னிப்புக் கேட்டேன். குழந்தைக்கு ஏதோ எடுத்துக்கொடுத்துவிட்டு மறுபடி ஃபோனுக்கு வந்தார். ஒரே ஒரு ஒத்தாசை செய்வியா என்றார். சொல்லுங்கக்கா என்றேன்.

"நீ இனிமே கூப்பிடாத தம்பி. கோவம்லாம் இல்ல. நீ பேசுனா அவுங்க எந்திரிச்சிக் கெளம்புற மாதிரியே இருக்கு. அது கூப்பிடட்டும். அதுக்கு ஒண்ணும் தெரியாது, அரிசி இருக்கான்னு மட்டுந்தான் கேக்கும். புள்ளகூட அதுகிட்ட பேசுறா. கொரல எடுத்துறாத."

சரி என்றேன்.

"அப்புறம் இன்னொண்ணு. இன்னமும் மூணு பேருக்குத்தான் அரிசி வருது."

ஒரு குடும்பத்தில் எத்தனை பேர் என்பதை மட்டும் எங்களால் கையால் மாற்ற முடியும். பிறப்பு இறப்பு வந்தால் சரிசெய்ய வேண்டியது குரல் கொடுத்தவர் பொறுப்பு. அதை நான் இன்னும் செய்யவில்லை என்பதற்காகக் கடிந்துகொள்கிறார் என்று நினைத்து, இன்றைக்கே சரிசெய்துவிடுகிறேன் அக்கா என்றேன்.

"அதத்தான் வேணாங்குறேன் தம்பி" என்றார். "அது வந்துக்கிட்டே இருக்கட்டும்."